ஏழு – வழக்கம்போல்

'நெடுவான்' தொடரின் நான்காம் எபிசோடில் முப்பத்தோராவது நிமிடம் வந்ததும் கேப்டன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். "பாத்தீங்களா அநியாயத்த?" என்று திரையைக் கைநீட்டிக் காட்டினார். திரையில் ஒரு விண்கப்பலின் காற்று அறை. அங்கே வேலை பார்க்கிறவன் கொட்டாவி விட்டபடி பதிவேட்டில் எழுதுகிறான்: நிலை இயல்பு. அவன் தலைக்கு மேலே மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்படியே நாற்பத்தொரு நாள் எழுதுவான். நாற்பத்திரண்டாம் நாள் கப்பலில் பாதிப் பேர் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இதுதான் கதை.

கேப்டன் என்றதும் கப்பல், விமானம் என்று நினைத்துவிட வேண்டாம். மீனை உறையவைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்பும் ஆலை ஒன்றில் பதினாலு வருஷமாக இயந்திர அறை ஆபரேட்டர். 'வான்வெளி வம்பர்கள்' என்ற வாட்ஸப் குழுவில் கிடைத்த பட்டம்தான் கேப்டன். அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றி வம்பளப்பதற்கென்றே உண்டான குழு அது. அறுபது பேர் இருக்கிறார்கள். அதில் ஐம்பத்தேழு பேர் பொம்மை மட்டும் அனுப்புகிற ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நேரில் கூடி, தொண்டை கட்டும்வரை சண்டை போடுகிறவர்கள் மூன்றே பேர். ஒருவர் கேப்டன். இன்னொருவர் தெருமுனைக் கண்ணாடிக்கடைக்காரர். மூன்றாவது ஆள் கேப்டனின் மனைவி. எந்தத் தொடரை யார் திட்டினாலும் அதற்காக வாதாட வருவாள் என்பதால் அவளுக்கு வக்கீல் என்று பெயர். அவளும் அதே ஆலையில்தான். கீழ்த்தளத்துப் பேக்கிங் ஹாலில் நாற்பது பெண்களுக்கு சூப்பர்வைசர். இவர் மேலே, அவள் கீழே. காலையில் ஒரே பஸ்ஸில் போய் மாலையில் ஒரே பஸ்ஸில் சண்டை போட்டபடி வருவார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம்.

கண்ணாடிக்கடைக்காரர் பழைய தொடர்களின் பரம பக்தர். "அந்தக் காலத்துல சுவரு அட்டை. கதவ சாத்தினா கப்பலே ஆடும். ஆனா எழுதினவனுக்கு மூளை இருந்துச்சு. இப்போ கோடி கோடியா கொட்டி எடுக்கிறாங்க, ஒரு மூஞ்சி தெரியுதா? எல்லாம் இருட்டு. எல்லாரும் கிசுகிசுன்னே பேசுறான். என் கடைக்கு வர்ற பாதிப் பேரு 'கண்ணுல கோளாறு, படம் தெரியல'ன்னு வர்றாங்க. கண்ணுல ஒண்ணுமில்ல, போங்கன்னு அனுப்பிவிடுறேன்."

"வியாபாரத்த கெடுத்துக்கிறீங்களே அண்ணே" என்றாள் வக்கீல்.

"இருட்டு கிடக்கட்டும்" என்றார் கேப்டன். "எனக்குப் பத்திக்கிட்டு வர்றது இதுதான். கதை நகரணும்னா ஒருத்தன முட்டாளாக்கிடுறாங்க. மஞ்ச விளக்கு எரியுது, ஒரு ஆபரேட்டர் 'இயல்பு'ன்னு எழுதுவானா? நாற்பத்தொரு நாள்? நான் பதினாலு வருஷமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இத எழுதினவன் வாழ்நாள்ல ஒரு இயந்திரத்தக் கிட்ட நின்னு பாத்திருக்க மாட்டான்."

"மனுஷனப் பாத்திருக்கான்ல" என்றாள் வக்கீல். "முதல் நாள் பயப்படுவான். நாலாம் நாள் எரிச்சல்படுவான். பத்தாம் நாள் அது விளக்கே இல்ல, சுவத்துல ஒரு புள்ளி. நீங்க ரெண்டு பேரும் புதுசு புதுசுன்னு திட்டுறீங்களே, பழைய தொடர்ல எல்லாம் மனுஷனே கிடையாது. அறிவாளிங்க வரிசையா நின்னு வசனம் பேசுவாங்க. இதுலதான் நம்மள மாதிரி ஆளுங்க வர்றாங்க."

"மூக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? காத்து கெட்டா தெரியாதா?" என்றார் கேப்டன்.

"எதுவும் பழகிடும். போன வாரம் நடந்தத சொல்லவா? லாரி டிரைவர் ஒருத்தர் கையெழுத்து வாங்க எங்க ஹாலுக்குள்ள வந்தாரு. ரெண்டு அடி வச்சிருப்பாரு. மூக்கப் பொத்திக்கிட்டாரு, கண்ணுல தண்ணி கொட்டுது. 'எப்படிம்மா இதுக்குள்ள நிக்கிறீங்க'ன்னு கேட்டுட்டு, கையெழுத்தும் வாங்காம ஓடிட்டாரு! நாப்பது பேரும் சிரிச்சு வயிறு புண்ணாயிடுச்சு. மீன் நாத்தம் தாங்காதவரு மீன் லாரி ஓட்ட வந்துட்டாரு பாருங்க."

கண்ணாடிக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கேப்டனும் சிரித்தார். உண்மையைச் சொன்னால் மூவரில் அதிகம் சிரித்தது அவர்தான். அன்றைக்கு மாலையே குழுவில் ஒரு நீண்ட விமர்சனம் எழுதிப் போட்டார்: பார்க்கிறவனை மடையனாக்கும் தொடர் 'நெடுவான்' என்று. பன்னிரண்டு பேர் கைதட்டும் பொம்மை அனுப்பினார்கள். வக்கீல் மட்டும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, "உபதேசமெல்லாம் ஊருக்குத்தானா கேப்டன்?" என்று எழுதி அனுப்பினாள்.

மறுநாள் திங்கள். எட்டு மணி ஷிஃப்ட். இயந்திர அறையில் கேப்டனின் நாற்காலிக்கு எதிரே சுவர் அளவுக்கு ஒரு பலகை; அதன் ஓரத்தில் பன்னிரண்டு சிறிய விளக்குகள். ஆலை முழுக்கக் குழாய்களில் ஓடி மீனை உறையவைப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், பிறகு நெஞ்சைப் பிடிக்கும், அளவு கூடினால் ஆளை விடாது. அது எங்கே கசிந்தாலும் மோப்பம் பிடிக்க ஆலையில் பன்னிரண்டு இடங்களில் கருவி வைத்திருக்கிறார்கள். கருவிக்கு ஒரு விளக்கு. லேசாகக் கசிந்தால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. ஏழாம் எண் பேக்கிங் ஹால்.

விளக்கோடு ஒரு மணியும் கத்த வேண்டும். கத்துவதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. ஆபரேட்டர்கள் அதற்கு வைத்த பெயர் ஊமை. ஊமையை அழுத்தினாலும் கால் மணிக்கொரு தரம் மறுபடி கத்தும் என்பதால், மணியின் வாயில் யாரோ பஞ்சை அடைத்து மேலே டேப்பும் ஒட்டியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, கேப்டன்தான்.

ஒன்பதரைக்கு அளவுகளைக் குறிக்கும் நேரம். பதிவேட்டைத் திறந்து, அழுத்தம் எழுதினார், வெப்பநிலை எழுதினார், கடைசிக் கட்டத்துக்கு வந்து 'ஏழு – வழக்கம்போ' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. இன்னும் ஓர் எழுத்துதான் பாக்கி. கை ஏன் நின்றது என்று அவருக்கே முதலில் புரியவில்லை. மெதுவாக நிமிர்ந்து பார்த்தார். ஏழு, மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே வந்தபோதே எரிந்தது. சனிக்கிழமையும் எரிந்தது. எப்போது எரியாமல் இருந்தது என்று யோசித்தார், ஞாபகம் வரவில்லை.

பக்கங்களைப் பின்னோக்கித் திருப்பினார். ஏழு – வழக்கம்போல். ஏழு – வழக்கம்போல். மூன்று ஷிஃப்ட், மூன்று விதமான கையெழுத்து, ஒரே சொல். ஒரு வாரம், ஒரு மாதம் என்று திருப்பிக்கொண்டே போனவர் நாலு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் நின்றார். 'ஏழு – காலை எட்டே கால் முதல் ஒன்பது வரை. தட்டு கழுவும் மருந்தின் ஆவி. கவலை இல்லை.' அடுத்த நாள்: 'ஏழு – மேற்படி.' அதற்கடுத்த நாள்: 'ஏழு – வழக்கம்போல்.' மூன்றும் ஒருவரே எழுதியது. குண்டு குண்டான எழுத்து, அழகாகச் சுழித்த ழகரம். அது கேப்டனின் கையெழுத்து.

அப்போது அது நிஜம்தான். ஹாலுக்குள்ளேயே மீன் தட்டுகளைக் கழுவினார்கள். அந்த மருந்தின் நெடி கருவியை ஏமாற்றியது. கழுவி முடித்ததும் விளக்கு அணைந்தது. ஆனால் தட்டு கழுவுவதைப் பின்கட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்களே! வக்கீல்தான் பஸ்ஸில் சொன்னாள், இனி ஹால் தரை ஈரமில்லாமல் இருக்கும் என்று சந்தோஷமாக. நாள் எண்ணிப் பார்த்தார். பதினாறு நாள். பதினாறு நாளாக அங்கே கழுவுவதற்குத் தட்டுமில்லை, மருந்துமில்லை. பிறகு ஏழு எதற்கு எரிகிறது?

லாரி டிரைவர் ஞாபகத்துக்கு வந்தார். மீன் லாரி ஓட்டுகிறவன் மீன் நாற்றத்துக்கா மூக்கைப் பொத்துவான்? இதைக் கேட்டுவிட்டா நான் அப்படிச் சிரித்தேன்? பத்து நாளாகக் கண் எரிகிறது என்று அவள் சொட்டு மருந்து விட்டுக்கொள்வதும், போனை ரொம்பப் பார்க்காதே என்று தான் திட்டியதும் நினைவுக்கு வந்தபோது, கேப்டனுக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல் இருந்தது.

விளக்குக்குப் பக்கத்தில், காற்றில் அமோனியா எவ்வளவு என்று சின்னதாக ஓர் எண்ணும் தெரியும். விளக்கே பழகிப்போனபின் எண்ணை யார் பார்க்கிறார்கள்? இப்போது பார்த்தார். முப்பத்தொன்று. இருபத்தைந்து தாண்டினால் மஞ்சள்.

மேனேஜருக்கு போன் போட்டார். எடுப்பதற்குள் மூன்று முறை அடித்து நின்றது.

"ஏழு தானே? அது எப்பவும் அப்படித்தானே கேப்டன்" என்றார் மேனேஜர். குழுவின் பட்டம் ஆலைவரைக்கும் வந்துவிட்டிருந்தது.

"இல்ல சார். தட்டு கழுவுறதப் பின்னாடி மாத்திப் பதினாறு நாளாச்சு. இது ஆவி இல்ல. நிஜமாவே கசியுது."

"டெக்னீஷியன மத்தியானம் வரச் சொல்றேன். இப்போ ஆய்வுக்கு ஆளுங்க வந்து என் ரூம்ல உக்காந்திருக்காங்க. இயந்திரத்த நிறுத்தினா நாலு அறை மீனும் நாசம். யாரு பதில் சொல்றது?"

"சார், கீழ நாப்பது பேரு இருக்காங்க."

மேனேஜர் குரலைத் தணித்து, "பதிவேட்டுல முதல்ல எழுதினது யாருன்னு பாத்தீங்களா? நல்லா யோசிச்சுக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

யோசித்தார்தான். இல்லை என்று சொன்னால் பொய். வேலை போகும், பஞ்சை அடைத்தது தெரியவரும், ஒருவேளை போலீஸ்கூட வரும். பதினாலு வருஷமும் ஒரு சொல்லில் போய்விடும். அப்படி யோசித்துக்கொண்டு நின்ற இரண்டு நிமிடத்துக்காக அவர் பிற்பாடு தன்னை மன்னிக்கப்போவதில்லை. எண் முப்பத்தெட்டு ஆனது. ஹாலுக்குள் செல்போன் எடுத்துப்போகக் கூடாது. உள் தொலைபேசியில் கூப்பிட்டார், பேக்கிங் இயந்திரங்களின் இரைச்சலில் அதை யாரும் எடுக்கவில்லை. நாற்பத்தாறு. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறுபது.

எந்தக் குழாய் இப்போது வாய் பிளக்கிறதோ, கடவுளே!

இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார். பதினாலு வருஷமாகக் காதில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் மெல்ல இறங்கி அடங்கியது. பக்கத்துக் கண்ணாடி மூடியைத் தூக்கி சைரனை அழுத்தினார். ஆலை முழுக்க அது ஊளையிட்டது. அப்பாடா என்று மூச்சை விட்டு, பேக்கிங் ஹாலைக் காட்டும் கேமரா திரையைப் பார்த்தார். இனி நாற்பது பேரும் வாசலைப் பார்த்து ஓடுவார்கள்.

ஒருவரும் ஓடவில்லை.

வெள்ளைத் தொப்பியும் முகத்துணியுமாக நாற்பது பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கிண்டலாகச் சொல்ல, பக்கத்தில் நின்றவளின் தோள் குலுங்கியது. வக்கீல் மட்டும் தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கேப்டனும் தன் அறைக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. திங்கட்கிழமை பத்து மணி. வாராவாரம் இதே நேரத்துக்கு சைரன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் அடித்து நிறுத்துவார்கள். அடித்து நிறுத்துகிற ஆளும் அவரேதான்.

படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார். கீழே போகப் போக நெடி முகத்தில் அறைந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. ஹாலின் கண்ணாடிக் கதவு அடையாள அட்டை காட்டினால்தான் திறக்கும். அவருடைய அட்டைக்குத் திறக்காது. இரண்டு கைகளாலும் கதவை அடித்தார். "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினார். பிறகு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். சைரன் சத்தத்தில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

யாரோ அவள் தோளைத் தட்டிக் கதவைக் காட்டினார்கள். வக்கீல் திரும்பினாள். அவரைக் கண்டதும் முகத்துணிக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. ஓரமெல்லாம் சிவந்து நீர் கட்டியிருந்த கண்கள். வேலையை விட்டுவிட்டுச் சண்டை போட இங்கேயும் வந்துவிட்டீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினாள். இருங்கள் என்று கையைக் காட்டினாள். கையிலிருந்த பெட்டிக்கு டேப்பை நீளமாக இழுத்து ஒட்டி, விளிம்பை விரலால் தேய்த்து, அதை வரிசையில் தள்ளிவிட்டாள். அவர் கதவை அடித்தபடியே இருந்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையுறையை ஒவ்வொரு விரலாக உருவியபடி, அவசரமே இல்லாமல் அவள் கதவை நோக்கி நடந்து வந்தாள்.