ப்ரைந்தல் வீட்டு ஓய்வுநாள்

போல்னிக்கா ஊரில் சேணம் தைக்கும் லிப்பாவின் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த யூதர்களின் ஓய்வுநாள், எட்டு வருஷம் திரும்பிப் போகவில்லை. மற்ற வீடுகளில் சனிக்கிழமை இருட்டி, வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் அது மரியாதையாக விடைபெற்றுக்கொண்டது. லிப்பா வீட்டு ஜன்னலில் இரண்டுதான் தெரிந்தன. மூன்றாவது தெரியாமல் ஓய்வுநாளை முடித்துவைக்கக் கூடாது என்பது சட்டம். மேஜைமேல் மெழுகுத்திரிகள் உருகாமல் எரிந்தன. பின்னல் ரொட்டி வெட்ட வெட்டக் குறையவில்லை. அடுப்பில் வைத்த பயறும் இறைச்சியும் ஆறவே இல்லை.

இது லிப்பாவின் மனைவி ப்ரைந்தல் செய்த வேலை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் யாரிவ்கா கிராமத்திலிருந்து அவளுடைய அக்கா த்வோசா, கிழங்கு வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்: உடம்பு முடியவில்லை, உடனே வா. தாயில்லாத தங்கைக்குத் தலைவாரி, சோறூட்டி வளர்த்தவள் அந்த அக்கா. ப்ரைந்தலின் கையெல்லாம் மாவு. ரொட்டிக்குப் பிசைந்தது அப்போதுதான் உப்பத் தொடங்கியிருந்தது. விருந்தாளிகள் வேறு வர இருந்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குச் சந்தோஷம் என்பது மனசு வந்தால் படுகிற விஷயம் இல்லை. முகம் கழுவுவது மாதிரி அன்றாடம் செய்தாக வேண்டிய கடமை. ஓய்வுநாளில் அது இரட்டைக் கடமை.

"அக்காவுக்கு எப்பவும் இதே வழக்கம், தும்மினாலே ஊரைக் கூட்டுவா. ஞாயித்துக்கிழமை வரேன்னு சொல்லு" என்று வண்டிக்காரனைத் திருப்பி அனுப்பினாள். த்வோசா அன்று பொழுது சாய்வதற்குள் இறந்துபோனாள்.

செய்தி லிப்பாவின் காதுக்கு வந்தபோது வீட்டில் விளக்கேற்றியாகிவிட்டது. ஓய்வுநாளில் சாவுச் செய்தி சொல்லக் கூடாது. மனிதர் அதை விழுங்கிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து பாடினார். பாவம், அவருக்குப் பாடவே வராது. அன்றைக்கு ஓர் இடத்தில்கூடப் பிசகவில்லை. கட்டியவளுக்கு அது போதாதா? ப்ரைந்தலுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாளை இருட்டியதும் இவர் வாயைத் திறப்பார். நான் தரையில் உட்கார்ந்து அழ வேண்டும். ஏன் போகவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். மறுநாள் ஜன்னலோரம் நின்றபடி, மூன்றாவது நட்சத்திரம் வராமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். எத்தனையோ நல்ல வேண்டுதல்கள் கிடப்பில் கிடக்க, இது உடனே பலித்தது.

ஞாயிற்றுக்கிழமை லிப்பா ஒன்றும் பேசாமல் அடக்கத்துக்குக் கிளம்பிப் போனார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஓய்வுநாளில் அவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று தனக்குத் தானே சட்டம் பேசிக்கொண்டு, வீட்டைவிட்டு இறங்காமல் இருந்தாள்.

ஊர் இரண்டு வாரம் வியந்தது, பிறகு பழகிக்கொண்டது. ஊர் மதகுருவான ரபி புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, ஓய்வுநாள் அந்த வீட்டுக்குத்தானே தவிர அங்கே வந்துபோகிறவர்களுக்கு அல்ல, ஆனால் ஓய்வுநாளில் காசும் நெருப்பும் ஆகாது என்பதால் வாசலிலேயே சில்லறையை வைத்துவிட்டு, புகைக்குழாயை அணைத்துவிட்டு உள்ளே போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மனம் ஒடிந்த தண்ணீர் சுமப்பவனும், புதன்கிழமை வியாபாரம் படுத்துப்போன மீன்காரியும் அங்கே வந்து ஒரு துண்டு ரொட்டி தின்று, ஒரு பாட்டுப் பாடி, கன்னம் சிவந்து திரும்பினார்கள். லிப்பா கொட்டகையில் சேணம் தைத்துத் தைத்து நரைத்தார். வாரநாளே வராத வீட்டுக்குள் ப்ரைந்தலுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. கொடுத்துவைத்தவள் என்றார்கள். அவளோ ஊருக்கெல்லாம் சந்தோஷம் பரிமாறிவிட்டு, தன் பங்கைத் திருட்டுச் சோறு மாதிரி தின்றாள். ஓய்வுநாளில் அழக் கூடாது என்பதால் அழுகையும் வரவில்லை. குற்றம் செய்தவளுக்கு அழ இடமில்லாமல் போவதைப் போலக் கொடுமை வேறில்லை.

எட்டாம் வருஷம் ஒரு புதன்கிழமை த்வோசாவின் மகள் பெய்லா வாசலில் வந்து நின்றாள். அடுத்த செவ்வாய் அவளுக்குக் கல்யாணம். சித்தியை அழைக்க வந்தவள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"அம்மா விஷயமா சித்திகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

லிப்பா பதறிக்கொண்டு ஓடிவந்தார். "உள்ள ஓய்வுநாள்மா. அதெல்லாம் சொல்லக் கூடாது. நானே இத்தனை வருஷமா சொல்லலை."

"வாசப்படிக்கு இந்தப் பக்கம் புதன்கிழமைதான் சித்தப்பா. நான் இங்க நின்னே சொல்லிக்கிறேன்." பெய்லா சித்தியின் முகத்தைப் பார்த்தாள். "அம்மா செத்துட்டா சித்தி. ரொட்டி ஆறினதும் வருவா, வருவான்னு கதவையே பாத்துக்கிட்டிருந்தா. எனக்கு உங்கமேல இன்னும் கோவம் ஆறலை. ஆனா நம்ம வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னாடி கல்லறைக்குப் போய், அம்மாவையும் வரச் சொல்லிக் கூப்பிடணும். எனக்குத் தனியா போக முடியலை."

ப்ரைந்தல் மேஜையைத் திரும்பிப் பார்த்தாள். உள்ளே இருந்தால் என்றைக்கும் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். பிறகு வாசற்படியைத் தாண்டிப் புதன்கிழமைக்குள் இறங்கினாள். அவள் முதுகுக்குப் பின்னால் மெழுகுத்திரிகள் அணைந்தன.

முப்பது நாள் கடந்து காதில் விழும் சாவுக்கு ஒரு மணி நேரத் துக்கம் போதும் என்கிறது சட்டம். எனக்கு முன்பே தெரியும், முழுசாக ஏழு நாள் கொடுங்கள் என்று ப்ரைந்தல் மன்றாடினாள். தண்டனையை நீயாகக் கூட்டிக்கொள்ள உனக்கு உரிமையில்லை என்று ரபி மறுத்துவிட்டார். கொட்டகையில் காலணியைக் கழற்றிவிட்டு, தோல் துண்டுகளுக்கு நடுவே குட்டை முக்காலியில் உட்கார்ந்தாள். வராமல் போன வாரநாட்களெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தன. எழுந்தபோது தலை முழுக்க வெளுத்திருந்தது, முழங்கால் வலித்தது. லிப்பா கைகொடுத்துத் தூக்கிவிட்டார். வெள்ளை முடி பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். இனி வாரநாள் சந்தோஷத்தை அவரவர் வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ள வேண்டியதுதான் என்று தண்ணீர் சுமப்பவன் முணுமுணுத்தான். அப்படியே செய்யவும் பழகிக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இருவரும் யாரிவ்கா கல்லறைக்குப் போனார்கள். பெய்லா சித்தியை முன்னால் போகச் சொன்னாள். ப்ரைந்தல்தான் கல்லின்மேல் கை வைத்தாள்.

"அக்கா, நீ கூப்பிட்டப்போ நான் வரலை. நான் கூப்பிடறேன், நீ வந்துடு."

மணப்பெண்ணை மகிழ்விப்பதும் கடமைதான். மறுநாள் ப்ரைந்தல் வலிக்கும் முழங்காலோடு பெய்லாவின் முன்னால் ஆடினாள். குற்றம் அவளை விட்டுப் போயிருக்கவில்லை. அழுதுகொண்டேதான் ஆடினாள், யாரும் தடுக்கவில்லை. பந்தியில் தனக்குப் பக்கத்து நாற்காலியை அக்காவுக்காக, வேறு யாருக்கும் விடாமல் பிடித்துவைத்திருந்தாள். பரிமாறியவர்கள் அங்கேயும் ஒரு தட்டு மீன் வைத்தார்கள். அது காலியானதும் இன்னொரு துண்டு வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார்கள்.