இரண்டாவது முட்டை

11 செப்டம்பர் 1944, திங்கள்

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். சாப்பாட்டுக் கடைக்கு வரைந்த பட அட்டைகளில், முட்டைக் குழம்புக் கிண்ணத்துக்குள் இரண்டு முட்டை போட்டிருக்கிறேன். பொன்னியக்கா கடையில் கிண்ணத்துக்கு ஒரு முட்டைதான். எனக்கு அது தெரியும். ஆவடி ராணுவ டிப்போவில் வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

முதலில் ஒன்றுதான் பென்சிலில் போட்டேன். அது ஒற்றைக் கண் மாதிரி முறைத்தது. நடுவில் தனியாக நிற்கும் பொருளுக்குப் பக்கத்தில் துணையாக இன்னொன்றை வைக்க வேண்டும் என்று அம்பத்தூர் மாலை ஓவிய வகுப்பில் எழுதிக்கொண்டது நினைவுக்கு வந்தது. வைத்தேன். படம் அமைந்துவிட்டது. மூன்று அட்டைகளுக்கும் வண்ணம் ஏற்றி, வார்னிஷ் பூசி, காய்ந்த பிறகுதான் உறைத்தது.

கேம்புச் சிப்பாய்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, இங்கிலீஷும் படிக்க வராது. படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும் என்பது அக்காவின் யோசனை. அட்டையைக் கையில் வாங்கியதும் சிரித்தாள். "அய்யே, மீனு கண்ண முழிச்சிகினு என்னியே பாக்குது பாரு நைனா!"

அப்போது சொல்லியிருக்கலாம். முட்டையை யார் எண்ணப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

13 செப்டம்பர், புதன்

எண்ணினார்கள்.

மத்தியானம் உயரமான வடக்கத்திச் சிப்பாய் ஒருவன் முட்டைப் படத்தைத் தொட்டான். பரிமாறுகிற துலுக்கானம் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தார். சிப்பாய் கரண்டியால் குழம்பைத் துழாவினான். அடியில் இன்னொரு முட்டை இல்லை. அட்டையைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி இரண்டு விரலைக் காட்டினான். துலுக்கானம் ஒரு விரலைக் காட்டினார்.

"இன்னாபா இவன், எனுக்கு எண்ண கத்துக் குடுக்கறான்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. சிப்பாய் எழுந்தான். அவனோடு இருந்த ஐந்து பேரும் எழுந்தார்கள். கிண்ணம் கவிழ்ந்தது. அவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினான். டிப்போவில் தினம் காதில் விழும் இந்தி வார்த்தை அது. திருடி என்று அர்த்தம்.

அக்கா கையில் அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்தாள். "இன்னா சொல்றான் நைனா?"

"இன்னொரு முட்டை கேக்கறான்கா."

"கேப்பான் கேப்பான். முட்ட இன்னா மரத்துலயா காய்க்குது?"

பித்தளை டம்ளர் ஒன்று பறந்து வந்து துலுக்கானத்தின் நெற்றியில் பட்டது. ரத்தம் புருவத்தில் இறங்கியது. அதற்குள் யாரோ ஓடிப்போய் எதிரே கேம்பு கேட்டில் சொல்லியிருக்க வேண்டும். அங்கே காவல் பொறுப்பில் இருக்கும் ஹவில்தார் வீராசாமி இரண்டு காவலாளிகளோடு வந்து ஆறு பேரையும் வெளியே தள்ளினார். போகும்போது அக்காவிடம், "ரிப்போர்ட் போவும்மா. இனிமே இந்தப் பக்கம் ஒரு பய வரமாட்டான்" என்றார்.

நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். அட்டையை வரைந்தவன் நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

14 செப்டம்பர், வியாழன்

டிப்போவில் என் வேலை பெட்டிகளிலும் பலகைகளிலும் எழுத்து எழுதுவது. காலையில் வந்த வேலைச் சீட்டில் ஒரு பலகை இருந்தது. சிவப்பில் வெள்ளை எழுத்து: அவுட் ஆஃப் பவுண்ட்ஸ். சிப்பாய்கள் நுழையக்கூடாத இடம் என்று அர்த்தம். மாட்ட வேண்டிய இடம், கேட்டுக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடை.

ராணுவம் எடுத்துக்கொண்ட அக்காவின் நிலம் இப்போது கேம்பு வேலிக்குள் இருக்கிறது. அவளுக்கு மிச்சம் அந்தக் கீற்றுக் கொட்டகைதான். அந்தச் சாலையில் சிப்பாய்களை விட்டால் சாப்பிட என்னைப் போல நாலைந்து பேர்தான்.

இவ்வளவும் தெரிந்துகொண்டே எழுதினேன். இதுவரை நான் எழுதியவற்றில் இவைதான் மிகச் சீரான எழுத்துகள்.

பதினொரு மணிக்கு ஹவில்தாரிடம் போனேன். டிப்போ ஆட்கள் வெளிவேலை செய்யக்கூடாது. சொன்னால் என் வேலை போகலாம். மூன்று தடவை அறை வாசல் வரை போய்த் திரும்பிய பிறகு உள்ளே நுழைந்தேன்.

"அட்டையில ரெண்டு முட்ட போட்டது நான்தான் சார். அந்தக்காவுக்குத் தெரியாது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்குடா ரெண்டு போட்டே?"

"ஒண்ணு போட்டா படம் நல்லா இல்ல சார்."

"அங்க ஒருத்தன் மண்ட ஒடஞ்சி கெடக்கறான். இவுருக்குப் படம் நல்லா இல்லியாம்!" பேனாவை மறுபடி எடுத்தார். "நாளிக்கி ரெண்டு மணிக்குப் பலகைய அடிக்கணும்னு தொர சொல்லிகீறாரு. பன்னண்டு மணிக்கு அதே ஆறு பேர நானே இட்டுகினு வரேன். அட்டையில கீறது தட்டுல இருந்தா தொரகிட்ட பேசிப் பாக்கறேன். இல்லாங்காட்டி நீயே வந்து ஆணி புடி. உன் சமாச்சாரம் அப்பால."

மாலை வகுப்புக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். பெஞ்சுகள் காலி. துலுக்கானம் நெற்றியில் கட்டோடு ஒரு மூலையில் படுத்திருந்தார். அக்காவிடம் முழுவதும் சொன்னேன்.

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

நான் பெஞ்சிலிருந்த அட்டைகளை அடுக்கினேன். அவள் விடவில்லை.

"நேத்து அந்த ஆளு முட்ட மட்டுமா கேட்டான்? அத்தனி சத்தம் போட்டானே."

"திருடின்னு சொன்னான்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

அவள் எழுந்துபோய் ஒரு முட்டையை வேகவைத்தாள். உரித்து, நூலைச் சுற்றி இழுத்து இரண்டாக அறுத்து, கிண்ணத்தில் மஞ்சள் கரு மேலே தெரிய வைத்தாள். "இப்ப ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணு."

"யாரு பாத்தாலும் ஒண்ணுதானே? நாளிலேர்ந்து இப்பிடித்தான் அறுத்து வெக்கப்போறேன். நீ இத்தப் பாத்துப் போடு. உன் இஷ்டத்துக்குப் போடாத."

என் வண்ணப் பெட்டியில் மஞ்சள் தீர்ந்துவிட்டது. டிப்போவில் டின் டின்னாக இருக்கிறது. அதைத் தொட மாட்டேன். மஞ்சள் இல்லை என்று அக்காவிடம் சொன்னதும், "அம்மியாண்ட மஞ்சா கீது, அத்த எடுத்துக்கோ" என்றாள்.

பழைய தாளில் தொட்டுப் பார்த்தேன். நிறம் பிடிக்கிறது.

மற்ற ஆறு படங்களையும் உட்கார்ந்து சரிபார்த்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், டீ சரி. சப்பாத்தி இரண்டு, சரி. மீன் குழம்பில் தலைத்துண்டு வரைந்திருக்கிறேன். தலை ஒரு சட்டிக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். இதை யாரும் இன்னும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம். அக்காவிடம் உடனே சொன்னேன். "ஆமா, அந்த முழியையும் எடுத்துடு" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

நாளைக்குச் செய்ய வேண்டியது: நான் குடியிருக்கும் திருநின்றவூரில் முதல் ரயிலைப் பிடிக்க வேண்டும். மூன்று அட்டைகளிலும் முட்டை, மீன் இரண்டு இடத்திலும் வார்னிஷைப் பிளேடால் சுரண்டி, வெள்ளைத் தாள் ஒட்டி, கிண்ணத்தை எதிரில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும். ஏழரைக்கு டிப்போ மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். பன்னிரண்டுக்குக் கடையில் இருக்க வேண்டும். பலகை காய்ந்திருக்கும், அதற்கு நான்கு ஆணி எடுத்து வைக்கும்படி உத்தரவு. அதையும் எடுத்து வைக்க வேண்டும்.