ஒன்பதாம் பாட்டின் இரண்டு தாளங்கள்

1

ஆர்லீன் பின்னாக் என்பது அவள் பெயர். வயது நாற்பத்தாறு, பேஸ் கித்தார் வாசிப்பவள். வாசிக்கும்போது காலணியைக் கழற்றிவிடுவாள். ஒலி காதை அடையுமுன் உள்ளங்காலை அடையவேண்டும் என்பது அவள் கொள்கை. தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டாள். புதிய பாட்டு தேறியதா என்றறிய, அதை ஓடவிட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவும் கை தானாக நின்றால் பாட்டு தேறிற்று என்று பொருள்.

இக்கதையை நான் எழுத நேர்ந்தமைக்குக் காரணம் கலையார்வம் அன்று, குற்றவுணர்வு. கிங்ஸ்டன் நகரத்தில் அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இருந்துவருகிறேன். சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் நிகழ்ந்த பிழையில் எனக்கும் பங்குண்டு. அதனை உரிய இடத்தில் ஒப்புக்கொள்வேன்.

முதலில் இவ்வாறு தொடங்கியிருந்தேன்: ‘கரீபியக் கடலலைகள் தாலாட்டும் ஜமைக்கா என்னும் எழில்தீவின்கண்—’ அடித்துவிட்டேன். எங்கள் சந்திலிருந்து கடல் தெரியாது.

2

ஆர்லீனுக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் நடீன். தாய் வேலை தேடிப் புருக்ளினுக்குப் போனபோது நான்கு வயது நடீனை உடனழைத்துப் போனாள்; ஒன்பது வயது ஆர்லீனைச் சித்தியிடம் விட்டுப் போனாள். அதன்பின் ஆண்டுக்கொரு முறை நீலநிறப் பீப்பாய் ஒன்று கப்பலில் வரும். அரிசி, சோப்பு, செருப்பு, பள்ளிப்பை எல்லாம் அதற்குள் இருக்கும். தாயின் மடி தங்கைக்கு, தாயின் பீப்பாய் தனக்கு என்று ஆர்லீன் கணித்துவைத்திருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை.

நடீன் ஹிப்-ஹாப் உலகில் வளர்ந்தவள். மடிக்கணினியில் தாளம் கட்டி, அதன்மேல் ராப் சொல்பவள். இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பம் செய்வது என முடிவாகி, நடீன் ஆறு வாரம் தங்க வந்தாள். பதினொரு பாட்டு. எங்கள் தீவின் ரெகே இசையின் அடியொலியும் ராப்பும் கணினி எழுப்பும் விந்தையொலிகளும் கலந்தவை. ஆர்லீனின் கணவன் லென்வொர்த், பகலில் வாடகைக் கார் ஓட்டுபவன், டிரம் வாசித்தான்.

(முதற்படியில் நடீனைச் செருக்குடையவளாக வரைந்திருந்தேன். ‘குளிர்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, இவ்வூரில் எல்லாம் மெதுவாகவே நடக்கிறது என்று அவள்—’ இது பொய். அவள் நாள்தோறும் காலையில் முற்றம் பெருக்கியதை நான் பார்த்தேன். கதைக்கு ஒரு வில்லி வேண்டும் என்பதற்காக, பெருக்குபவளை வில்லியாக்குதல் தகாது.)

பத்துப் பாட்டில் சண்டையில்லை. ஒன்பதாம் பாட்டில் வந்தது. அதற்கு லென்வொர்த் வாசித்த தாளம் ஒன்று; நடீன் கணினியில் கட்டிய தாளம் மற்றொன்று.

“முதல் அடியில என்னத்துக்கு இந்தக் குத்து?” என்றான் லென்வொர்த். “கதவ யாரோ தட்டறாங்கன்னு எழுந்து போய்ப் பார்த்தேன்.”

“அந்த இடம் சும்மா கெடக்கேன்னு வெச்சேன், லென்னி.”\*

“சும்மா கெடக்கலம்மா. நாங்கதான் அங்க ஒண்ணும் வெக்காம விட்டிருக்கோம். ஏய், ஆர்லீன், உன் தங்கச்சி நம்ம வீட்ல காலி நாற்காலியக் கண்டா மூட்டைய எறக்கிடுவா போல!”

நடீன் சிரிக்கவில்லை. “சரி, உங்க தாளத்தையே போடுங்க. ஆனா என் குரலையும் பேரையும் எடுத்துடுங்க. உங்க வீட்டுப் பாட்டுல விருந்தாளியா ஓரமா நிக்க நான் வரல.”

அந்தச் சொல் ஆர்லீனைத் தைத்தது. நடீன் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறாள். பாட்டுகளை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பியாகவேண்டும். ஒரு தாளத்தைத் தேர்ந்தால் கணவன் முகம் வாடும்; அது மூன்று நாளில் தெளியும். மற்றதைத் தேர்ந்தால் தங்கை ஒரேயடியாகப் போய்விடுவாள். இம்முறை எந்தப் பீப்பாயும் வாராது.

\* *ரெகேயில் நான்கு அடியுள் முதலடியில் டிரம் ஒலிக்காது. கனம் மூன்றாமடியில் விழும். ஹிப்-ஹாப் முதலடியிலேயே ஊன்றி நிற்கும். இதற்குமேல் விளக்க எனக்குத் தகுதி இல்லை. நான் கற்பித்தது கணிதம்.*

3

எங்கள் பக்கத்தில் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் முறை ஒன்று உண்டு. ஆள் உயர ஒலிபெருக்கிகளை முற்றத்தில் நிறுத்தி, வாயிற்கதவைத் திறந்து வைத்துப் பாட்டை ஓடவிடுவார்கள். பிடித்திருந்தால் சந்திலுள்ளோர் கையில் அகப்பட்டதைக் கொண்டு தகரவேலியைத் தட்டுவார்கள். வேலி அதிர்ந்தால், பாட்டு எவ்விடத்திலிருப்பினும், ஓட்டுபவர் உடனே நிறுத்தி முதலிலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும். ஒரு பாட்டுக்கு அதனினும் பெரிய மரியாதை இங்கில்லை.

“சந்தே சொல்லட்டும்,” என்றாள் ஆர்லீன். “எது யாரோட தாளம்னு யாரும் வாயத் தொறக்கக்கூடாது.”

ஓட்டும் பொறுப்பு லென்வொர்த்துடையது. முதலில் தன் தாளத்தை ஓடவிட்டான். சந்து தலையாட்டிற்று. மாமரத்தடியில் டோமினோக் கட்டையாட்டம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் இரண்டு தட்டுத் தட்டினர். முறைக்காகத் தட்டியது அது; யாவர்க்கும் தெரியும்.

பிறகு நடீனின் தாளம். அவள் ராப் தொடங்கும் இடத்தில் டிரம் முற்றாக விலகிவிடும். அக்காவின் பேஸும் தங்கையின் குரலும் மட்டுமே எஞ்சும்.

*பீப்பாய் மூடி பொருந்தலன்னு அம்மா என்ன மேல ஏத்தி உக்காரவெச்சா,*
*நல்லதெல்லாம் உள்ள போச்சு, நான் மட்டும் மூடி மேல—*

அந்த இடத்தில் அடுத்த வீட்டு மிஸ் ஹயசிந்தின் வேலி இடியென முழங்கிற்று. மிஸ் ஹயசிந்த் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்பவள். எளிதில் எதையும் புகழாதவள். அவளே தட்டுகிறாளென்றால்! லென்வொர்த் நிறுத்தினான், மீண்டும் தொடங்கினான். அதே வரியில் மீண்டும் முழக்கம். மூன்றாம் முறை டோமினோக்காரர்களும் சேர்ந்துகொண்டனர்.

(இவ்விடத்தில் என் ஒப்புதல். நான்காம் முறை நானும் துடைப்பக்கட்டையால் என் வேலியைத் தட்டினேன். பாட்டில் பாதி எனக்கு விளங்கவில்லை. எல்லாரும் தட்டினர், தட்டினேன். தேர்வறையில் மாணவர் இதைச் செய்தால் முட்டை போட்டிருப்பேன்.)

தன் தாளம் தோற்பதைத் தன் கையாலேயே ஆறு முறை திருப்பிப்போட்டான் லென்வொர்த். ஒருமுறையும் தயங்கவில்லை.

ஆறாம் முறைக்குப்பின் நடீனுக்கு நிலைகொள்ளவில்லை. “அம்மாவுக்குப் போன் பண்றேன்! எல்லாருக்கும் கடையிலேந்து சூடா கறி பஃப் வாங்கிட்டு வரேன்! ஆறு தடவ, ஆர்லீன்! ஆறு!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வாயிலைக் கடந்து ஓடினாள்.

4

ஏழாம் முறை பாட்டு தொடங்கியபோது மிஸ் ஹயசிந்த் முற்றத்துக்குள் புகுந்தாள். ஒரு கையில் ரப்பர் கையுறை, மறு கையில் காலி அலுமினியக் கிண்ணம். அவள் பின்னே, தலைமுழுதும் வெள்ளைக் களிம்பு அப்பிய ஒரு பெண், “எரியுது, எரியுது!” என்று கத்திக்கொண்டு வந்தாள்.

“உங்களுக்கெல்லாம் மூளை கெட்டுப்போச்சா?” என்றாள் மிஸ் ஹயசிந்த். “ஆறு மணிக்குக் குழாய்த்தண்ணிய நிறுத்தறோம்னு சொல்லிட்டு மூணு மணிக்கே நிறுத்திட்டான்! முடிய நேராக்கற மருந்து இவ தலையில கொதிக்குது! டிரம் சத்தம் அடங்கற நேரம் பாத்து, ஒரு வாளி தண்ணி தாங்கன்னு வேலியத் தட்டறேன், பாட்டு நிக்குது. அப்பாடா, கேட்டுடுச்சுன்னு வாயத் தொறக்கறேன், அந்தப் பாவி திரும்ப மொதல்லேந்து ஆரம்பிக்கிறான்!”

“நீங்க தட்டினீங்க, மிஸ் ஹயசிந்த்,” என்றான் லென்வொர்த் மெல்ல. “தட்டினா திருப்பணும்ல?”

“உன் தலையத் திருப்பறேன் இரு!”

அதற்குள் அந்தப் பெண் மூலையிலிருந்த நீலத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் தலையைக் கவிழ்த்துவிட்டாள்.

(ஆம், புருக்ளினிலிருந்து வந்த பீப்பாய்களுள் ஒன்றுதான். கதையை அழகுபடுத்த நான் வைத்ததன்று. இந்தச் சந்தில் எல்லார் வீட்டுத் தண்ணீர்ப் பீப்பாயும் அப்படி வந்தவையே. வாசகர் நம்பாவிட்டால் வெறும் தொட்டி என்று திருத்திப் படித்துக்கொள்க.)

நீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து அவள் சொன்னாள்: “மயிர் மிச்சமிருந்தா அந்தப் பாட்ட நான் வாங்கறேன்.”

டோமினோக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். ஆர்லீன் சிரிக்கவில்லை. நடீன் இந்நேரம் கடைவாசலில் நின்று தாயிடம் ஆறு என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

5

முடிவுக்கு மூன்று வழி எழுதிப் பார்த்தேன்.

முதலாவது, மறைத்தல். இது லென்வொர்த்துக்குப் பிடித்த வழி. “சொல்லாத, மகாராணி. சந்தோஷமா ஏறிப் போகட்டும். சந்து முழுக்க நான் போய் வாயக் கட்டறேன்.” ஆனால் மிஸ் ஹயசிந்தின் வாயைக் கட்டுவது யாராலும் ஆகாதது. அன்றியும், பொய்யான ஆறின்மேல் நிற்கும் ஒன்பதாம் பாட்டை ஆர்லீன் எப்படி மேடைதோறும் வாசிப்பாள்?

இரண்டாவது, மறுதேர்வு. ஆசிரியன் ஒருவனுக்கு இயல்பாகத் தோன்றும் வழி. நான்கு பக்கம் எழுதிக் கிழித்தேன். சந்து அதற்குள் கதையறிந்து சிரித்துக்கொண்டிருந்தது. அன்று எது ஒலித்தாலும் யாரேனும் “தண்ணி! தண்ணி!” என்று கத்தித் தட்டியிருப்பார்கள்.

மூன்றாவது, தலை நனைந்த பெண் அப்பாட்டின் வரியைத் தானறியாமல் முணுமுணுத்துச் செல்ல, அதை ஆர்லீன் கேட்டு— வேண்டாம். அவள் முணுமுணுத்தது வேறு. அது அச்சிலேறத் தக்கதன்று.

நான் அறிந்தவரை நடந்தது இதுவே. ஆர்லீன் ஒலிபெருக்கியின் மேல் கைவைத்து நின்றாள்.

“என்ன யோசிக்கற?” என்றான் லென்வொர்த். “பத்துப் பாட்டுல நான் இருக்கேன். ஒண்ணுல இல்லேன்னா செத்தா போயிடுவேன்?”

“சாகமாட்ட. மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுப்ப.”

“ரெண்டு நாள். மூணாம் நாள் கார் ஓட்டணும்.”

“வேலி கெடக்கட்டும், லென்னி. அந்த வரிய நீ கேட்டியா?”

“ஆறு தடவ திருப்பினவன் நான்.”

“நான் இன்னிக்குத்தான் கேட்டேன்.”

ஆறு வாரமாக அவள் அப்பாட்டுக்கு வாசித்திருக்கிறாள். ஆயினும் லென்வொர்த்தின் டிரம் இருந்தவரை அவள் காது அதன்மேலேயே இருந்தது. தங்கையின் சொல் அடியில் ஓடிப்போயிற்று. இன்று அச்சொல் தனித்து நின்றது. மிஸ் ஹயசிந்தின் வேலி அதைத் தாண்டிப் போகவிடாமல் ஆறு முறையும் அவ்விடத்திலேயே நிறுத்திற்று. மூடிமேல் உட்கார்ந்திருந்த சிறுமியை ஆர்லீன் முன்பு ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. பீப்பாயைத் திறந்த நாள்களில் கிடைத்ததை எண்ணினாள், கிடைக்காததை எண்ணினாள், அழுத்தி மூடியவளை எண்ணவில்லை.

6

நடீன் இரு கைகளிலும் பையோடு திரும்பி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு வாயிலிலேயே நின்றாள்.

“என்ன? யாருக்கு என்ன ஆச்சு?”

அதன்பின் அவள் சிரித்தாளா, பையைப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பெட்டி அடுக்கினாளா, அழுதாளா என்பதை எதிர்வீட்டிலிருந்து நான் கண்டேன்; எழுதமாட்டேன். வேலியைத் தட்டி ஒருமுறை இவர்கள் காரியத்தில் தலையிட்டது போதும். வாசகர் விரும்பியவாறு எழுதிக்கொள்ளலாம். ஆர்லீன் சொன்னதை மட்டும் ஒரு சொல்லும் கூட்டாமல் தருகிறேன்.

“வேலி தட்டினது தண்ணிக்கு, நடீன். பாட்டுக்கில்ல. ஒன்பதாவது பாட்டு உன் தாளத்தோடதான் போகுது.”