செமிசியின் முறை

மனிதனை மிருகத்திலிருந்து பிரிப்பது நெருப்பல்ல, சக்கரமல்ல; பெயர் சொல்லிக் கூப்பிடும் திறமைதான். ஆகவே டெஸ்க்டாப் முழுக்க ஷார்ட்கட்களை வைத்துக்கொண்டு அவற்றைத் தட்டித் தட்டித் திறக்கிறவன் இன்னும் முழு மனிதனாகவில்லை.

தீவின் தலைநகரான அப்பியாவில், கல்லூரி கேன்டீனில், பன்றியிறைச்சி பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, அலபாத்தி இதை அறிவித்தபோது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கணினியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். அவனுடைய லேப்டாப் திரையில் குப்பைத்தொட்டிகூடக் கிடையாது, வெறும் கறுப்பு. எந்த நிரல் வேண்டுமோ அதன் பெயரை அடித்து என்டரைத் தட்டுவான். அது வந்து நிற்கும்.

"கைக்குழந்தைதான் விரல நீட்டி அது வேணும் இது வேணும்னு காட்டும். பேரு தெரிஞ்சவன் பேரச் சொல்லுவான்."

"இப்ப பன்னு வாங்கறப்ப நீ விரலத்தானடா நீட்டின?" என்றான் நண்பன் பெலெனாத்தோ.

"வாயில இன்னொரு பன்னு இருந்துச்சு. அது வேற கணக்கு."

அலபாத்தி தங்கியிருந்தது அத்தை ஃபுவாத்தினோவின் வீட்டில். வாசலுக்கு நேரே செமிசி மாமாவின் கல்லறை. வெள்ளை டைல்ஸ், மேலே தகரக் கூரை. மாமா மே மாதம் அங்கே குடிபோனார். அத்தை அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்து சேப்பங்கிழங்கு சீவுவாள், மழை வந்தால் துணியைக் கொண்டுபோய் அங்கே காயப்போடுவாள். கதவைத் திறந்ததும் ஆள் கண்ணில் பட வேண்டும், தேடிக்கொண்டு போகிற இடத்தில் வைத்தால் அது அவமரியாதை என்பது அவள் கட்சி. ஊரின் கட்சியும் அதுதான்.

மாமா தன் கணினியையும் அதே கொள்கைப்படிதான் வைத்திருந்தார். திரையில் ஐகான் வைக்க இடம் பாக்கியில்லை. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று ஒரே நிரலுக்கு மூன்று ஷார்ட்கட். ஒவ்வொன்றின் மூலையிலும் வளைந்த குட்டி அம்பு.

அவற்றில் ஒன்றுதான் 'மூ'. கட்டம் போட்ட பலகையில் எதிரியின் காயைத் தாண்டி வெட்டுகிற ஆட்டம். மாமாவின் தம்பி மகன், அலபாத்திக்கு அண்ணன் முறை, ஆக்லாந்திலிருந்து அவருக்காக அதைக் கணினியில் எழுதி அனுப்பியிருந்தான். மாமாவும் அத்தையும் ஒரே விசைப்பலகைக்கு முன்னால் தோள் உரச உட்கார்ந்து மாற்றி மாற்றி ஆடுவார்கள். கடைசி ஆட்டம் பாதியில் நின்றது. மாமாவின் முறை. "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து ஆடறேன், காயத் தொட்டுராத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை தொடவில்லை. தினமும் பொழுது சாயும்போது ஊரில் சங்கு ஊதும், வீட்டில் ஜெபம் முடியும், அத்தை போய் அந்த ஐகானைத் தட்டுவாள். பலகை அப்படியே இருக்கும். "இன்னும் யோசிக்கிறார்" என்பாள். மூடிவிட்டுச் சோறு போட வருவாள்.

ஒரு சனிக்கிழமை அத்தை மாதர் கமிட்டிக்குப் போயிருந்தாள். அலபாத்தி மனிதகுலத்துக்குத் தன்னால் ஆன தொண்டைச் செய்தான். எல்லா ஐகான்களையும் வளைத்துப் பிடித்து அழித்தான். குப்பைத்தொட்டியையும் காலி செய்தான். திரை கழுவிவிட்ட தரைபோல இருந்தது.

ஜெபம் முடிந்து வந்த அத்தை வெறும் நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அலபாத்தி, அவர எங்கடா வச்ச?"

"அத்த, அழிச்சது வெறும் அம்புதான். ஆட்டம் உள்ளதான் இருக்கு. வழிகாட்டிப் பலகையப் பிடுங்கினா ஊரு காணாமப் போயிருமா?"

"எனக்கு ஊரு வேண்டாம். அவரு ஆட்டம் வேணும். அது போயிருந்தா நீயும் உன் பொட்டியோட கிளம்பு."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மூ என்று அடித்தான். ஒன்றும் வரவில்லை.

"அந்தப் புரோகிராமுக்கு அண்ணன் என்ன பேரு வச்சான்?"

அத்தை கல்லறை இருந்த வாசல் பக்கம் தலையை அசைத்தாள்.

"பேரச் சொல்லு அத்த, நொடியில திறந்து தரேன்."

"இருட்டினப்புறம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. உங்கப்பன் இதுகூடச் சொல்லித் தரலியா? கூப்பிட்டா வந்துருவாங்க."

அலபாத்திக்குப் புரிந்தது. மாமாவுக்காக எழுதிய நிரலுக்கு மாமாவின் பெயரையே வைத்திருக்கிறான் அண்ணன். மூடநம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்கும் பாவனையோடு 'செமிசி' என்று அடித்து என்டரைத் தட்டினான்.

பலகை வந்தது. அத்தை கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆடிட்டாரு," என்றாள்.

ஒரு வெள்ளைக்காய் ஒரு கட்டம் முன்னால் நகர்ந்திருந்தது. கீழே 'ஃபுவாத்தினோவின் முறை' என்று எழுத்து மின்னியது.

"நீ நகத்தினியா?"

"சத்தியமா இல்ல அத்த. இப்பதானே திறந்தேன், நீயும் பக்கத்துலதானே நின்ன."

"தெரியும். நீ ஆடியிருந்தா இவ்வளவு மோசமா ஆடியிருக்க மாட்ட. இது அவரேதான்." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். முகத்தில் மே மாதத்துக்குப் பிறகு காணாத ஒரு சுறுசுறுப்பு. ஒரு வெள்ளைக்காயைத் தாண்டி வெட்டினாள். 'செமிசியின் முறை' என்று வந்தது.

கணினி தானாக ஆடும் வசதி அந்த நிரலில் உண்டா என்று அலபாத்தி அன்றிரவே தேடினான். இல்லை. எலியின் பொத்தான் பழுதா என்று கழற்றிப் பார்த்தான். உள்ளே ஒரு செத்த எறும்பு இருந்தது, அவ்வளவுதான். மறுநாள் ஆக்லாந்துக்குப் போன் போட்டான். "நான் எழுதினதுலயே தப்பில்லாம ஓடறது அது ஒண்ணுதான்டா" என்றான் அண்ணன்.

அடுத்த சாயங்காலம் சங்கு ஊதி ஜெபம் முடிந்ததும் அத்தை கூப்பிட்டாள். "வா, திற. உன் வழியிலயே திற, நீதான் பெரிய மனுஷனாச்சே."

அவன் 'செ' என்று மட்டும் அடித்தான். மிச்ச எழுத்துகள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. ஒருமுறை அடித்த பெயரைக் கணினி நினைவில் வைத்து மறுமுறை தானே நிரப்பும். போன தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். ஆனாலும் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

மாமா ஆடியிருந்தார்.

அத்தை யோசித்தாள், பதிலுக்கு வெட்டினாள், வெட்டின கையோடு அப்படியே நின்றுவிட்டாள். பலகையில் மாமாவுக்கு ஒரே ஒரு காய்தான் மிச்சம்.

"என்னாச்சு அத்த? ஜெயிச்சிட்டு இருக்க."

"அதான்டா. அவருக்குப் போக ஒரே கட்டந்தான் இருக்கு. அங்க வந்தா நான் வெட்டியே ஆகணும், ஆட்டச் சட்டம் அப்படி. வெட்டினா முடிஞ்சுது." நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டம் முடிஞ்சா அவருக்கு இந்த வீட்டுல என்ன வேலை?"

"அப்ப திறக்காம விட்டுருவோம்."

"பாக்காம எப்படிடா இருப்பேன்?" அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். "இத்தன நாளு தட்டித்தான் பாத்தேன். தட்டினா அவரு பாட்டுக்கு யோசிச்சுட்டு இருந்தாரு. நீ கூப்பிட்டுட்ட. கூப்பிட்டா எழுந்து வரத்தானே செய்வாரு, மரியாதை தெரிஞ்ச மனுஷன்."

எப்படித் திறந்தாலும் ஒரே கோப்புதான், ஒரே பாதைதான் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அந்தக் கூடத்தில் அது எடுபடும் என்று தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை டைல்ஸ் தெரிந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் அதன்மேல் விரித்திருந்த பாய் சுருங்கிக் கிடந்தது.

மறுநாள் கேன்டீனில் பெலெனாத்தோ புதுசாக ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு வந்தான். "மகான், அந்தக் கைக்குழந்தை உபதேசத்த இவங்களுக்கும் சொல்லுங்க."

"இன்னிக்குத் தொண்டை சரியில்ல."

"பேயறஞ்ச மாதிரி இருக்க?"

"பன்னு சரியில்ல," என்று சொல்லிவிட்டு அலபாத்தி மதிய வகுப்புக்குப் போகாமல் பஸ் ஏறினான்.

வீட்டில் அத்தை இல்லை. வெயில் கூடத்தின் நடுவரைக்கும் வந்திருந்தது. அவன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தான். பெயரை அடிக்கவில்லை. ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பழைய படங்களையும் பாட்டுகளையும் தாண்டி, கண்ணால் தேடியே அந்தக் கோப்பைப் பிடித்தான். அதன்மேல் எலியின் வலது பொத்தானை அழுத்தினான். 'அனுப்பு', 'டெஸ்க்டாப்'. நீலத் திரையின் ஓரத்தில் வளைந்த அம்போடு ஓர் ஐகான் வந்து உட்கார்ந்தது. கீழே மாமாவின் பெயர் இருந்தது. அதை அழித்துவிட்டு 'மூ' என்று போட்டான். இழுத்துக்கொண்டுவந்து நட்டநடுவில் வைத்தான்.

பிறகு, ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வது என்று, பக்கத்திலேயே இன்னொன்றும் வைத்தான்.