வெறுங்காணி

இது வெறுங்காணியென்றால், நேற்று எனக்குத் தேத்தண்ணி தந்த பலீலா எங்கே குடியிருக்கிறாள்?

நகரத் திட்ட அலுவலகத்தில் படம் வரையும் ஜெகதீஸ்வரி அதைக் கேட்க மூன்றாம் முறையாக எழுந்து, மறுபடி அமர்ந்தாள். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் அவளே நடந்து எண்ணிய நாற்பத்தொரு வீடுகள், பலீலாவின் வீடு உட்பட, படத்தில் இருந்தன.

மேலதிகாரி நாகேந்திரம் மை சுரண்டும் பிளேடை அவள் முன் வைத்தார்.

"வீடுகளைச் சுரண்டிவிடும், பிள்ளை. வெறுங்காணியெண்டா, காணியை எடுக்கத் துரை உடனே சைன் வைப்பார்."

"ஆக்கள் இருக்கினம், சேர்."

"லண்டனில நகரமைப்புப் படிக்க உமக்கு ஆசையெல்லோ? சிபாரிசுக் கடிதம் நான்தான் எழுத வேணும்."

"ஓம், சேர்."

அந்தக் கடிதத்துக்காக இரண்டு வருடம் காத்திருந்தவள் அவள். ஒழுங்கை முனையிலிருந்த தண்ணீர்க் குழாய் படத்தில் விடுபட்டிருந்தது. பிளேடை அவர் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு, குழாயை வரையத் தொடங்கினாள்.