சோப்புத் தண்ணீரில் ஒரு மேனேஜர்

எட்டு மாதமாக எங்கள் கிடங்கில் பெண்கள் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உட்கார்ந்தபடியே இடது கையை நீட்டிக் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பதினோரு பெண்கள், மூன்று மனு கொடுத்தோம். மேனேஜர் மூன்றையும் வாங்கி டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார். தங்கத்திலா தாழ்ப்பாள் கேட்டோம்?

போன வாரம் சாக்குத் தைக்கும் அக்காவுக்குக் கை முட்டியில் வலி. கை கொஞ்சம் தளர்ந்த நேரம் பார்த்து ஒரு லாரி டிரைவர் கதவைத் திறந்துவிட்டான். அவனும் பதறியடித்துக்கொண்டுதான் ஓடினான். அன்றிலிருந்து அக்கா வேலைக்கு வந்தால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

என் வேலை ஸ்டென்சில் வெட்டுவது. தகட்டில் எழுத்தை வெட்டி, பெட்டிமேல் வைத்து மையடித்தால் ஓட்டை வழியாக எழுத்து இறங்கும். 'கவனம், கண்ணாடி' என்று நாட்டிலுள்ள பெட்டிக்கெல்லாம் எச்சரிக்கை கொடுப்பவள் நான். ஆதிமனிதன் குகைச் சுவரில் கையை வைத்து, வாயிலிருந்த சாயத்தைச் சுற்றிலும் ஊதினானாம். கையை எடுத்தால் கை வடிவம் நிற்குமாம். அவன்தான் எங்கள் தொழிலுக்கு முதல் ஆள். அவனுக்கு மேனேஜர் இல்லை, கொடுத்துவைத்தவன்.

வீட்டில் எக்ஸ்ரே படங்கள் இரண்டு இருந்தன. படியில் விழுந்து விலா உடைந்து கிடக்கும் என் வீட்டுக்காரருடைய நெஞ்சு ஒன்று, மாமியாரின் இடுப்பு ஒன்று. இரண்டையும் ஒட்டி வெட்ட ஆரம்பித்தேன். மேலே மேனேஜரின் முகம். மாமியாரின் இடுப்பில் அவரை உட்காரவைத்தேன்.

"அடிப்பாவி, வேலை போயிடும்டி. இப்போ உன் சம்பளம் மட்டும்தானே வருது" என்றார் வீட்டுக்காரர்.

பயம் எனக்கும்தான். மேனேஜரின் மூக்குக்கண்ணாடியை இரண்டு முறை வெட்டவேண்டியதாயிற்று. கண்ணாடி வில்லையைச் சுற்றி முழுதாக வெட்டிவிட்டால் வில்லையே கழன்று விழுந்துவிடும். அது விழாமல் பிடித்துக்கொள்ள அங்கங்கே மெல்லிய ஒட்டு விடவேண்டும். அதற்குப் பாலம் என்று பேர்.

அலுவலக அறைக்கு எதிர்ச்சுவர் லாரிப் புகையில் அடுப்படிபோல் கறுத்துக் கிடந்தது. மதிய இடைவேளையில் எக்ஸ்ரேயை அதில் ஒட்டி, சோப்புத் தண்ணீரைத் தொட்டு பிரஷால் தேய்த்தேன். மேனேஜரே அந்தப் பக்கம் வந்தார். என் முதுகுதான் தெரிந்திருக்கும்.

"பரவாயில்லையே, சுவரெல்லாம் கழுவுறியே" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

எக்ஸ்ரேயை உரித்தேன். கரிச்சுவரில் பளிச்சென்று மேனேஜர், கக்கூஸில் உட்கார்ந்து, இடது கையை நீட்டியபடி.

ஒரு மணிக்கெல்லாம் கூப்பிட்டுவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. பக்கத்தில் கணக்குப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உன்னைத் தவிர இங்க யாருக்கு ஸ்டென்சில் வெட்டத் தெரியும்? கம்பெனி சுவர்ல பெயின்ட் அடிக்க உனக்கு எவ்வளவு திமிர்!"

"பெயின்ட் இல்ல சார், சோப்பு. நீங்க பார்த்துட்டுத்தானே போனீங்க?"

"இவ சீட்டைக் கிழிங்க!"

"என்னன்னு எழுதறது சார்?" கணக்குப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "சுவரைக் கழுவினாள்னா?"

"முதல்ல அதை அழிங்கய்யா!"

"துடைச்சா இன்னும் பளிச்சுனு ஆகும் சார். ஒண்ணு, சுவர் முழுக்கக் கழுவணும். இல்லேன்னா உங்க மூஞ்சியில கரி..." மிச்சத்தை அவர் விழுங்கிவிட்டார்.

மேனேஜர் ஜன்னலுக்குப் போய், எதிர்ச்சுவரிலிருந்த தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது சரி," என்றார் கடைசியில், "அங்க எதுக்குக் கையை நீட்டிக்கிட்டு இருக்கேன்?"

மூன்று மனு கொடுத்தும் இந்த மனுஷனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கதவைப் பிடிச்சிருக்கீங்க சார். தாழ்ப்பாள் இல்லையே."

அவர் திரும்பவில்லை. "போய் வேலையைப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

மூன்று மணிக்குத் தச்சர் வந்தார். மூன்றரைக்குத் தாழ்ப்பாள் ஏறியது. முதல் ஆளாக அக்காவைத்தான் அனுப்பினோம். ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டுப் போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. பத்து நிமிடம் ஆயிற்று, கால் மணி ஆயிற்று, ஆளைக் காணோம். வெளியே வரிசையில் பத்து பேர் நெளிந்துகொண்டிருந்தோம்.

கதவைத் தட்டினேன். "அக்கா! உள்ள என்னக்கா பண்றீங்க?"

"ஒண்ணுமில்லடி. ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கேன்."