காது இல்லாத மூட்டை

அன்று காலை ஒட்டகத்தின் உயிருக்கு விலை, ஒரு வருஷக் கடை வாடகை. விலை சொன்னவர் பஞ்சுக்காரர். எரிந்து கரியாகிக் கிடந்த தன் கிடங்கின் முன்னால் நின்று, "அவன் எங்கன்னு காட்டறவனுக்கு ஒரு வருஷ வாடகை நான் கட்டறேன்" என்று கத்தினார். எங்கள் தானியச் சந்தையில் எடுத்த எடுப்பிலேயே ஒருவர் நல்ல விலை சொல்லி நான் கேட்டதில்லை.

ஒட்டகம் என்பது மிருகம் இல்லை. நெட்டையாய், முதுகு கூனிய ஒரு சுமைகூலி. சந்தைக்குப் புதியவன். கிடங்கு ஓரமாகப் படுப்பான், சிகரெட் பிடிப்பான். தீ வைத்தவன் அவன்தான் என்று தீர்மானிக்க அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் அவன் எங்கள் கடையின் பின்வாசல் வழியாக உள்ளே வந்து விழுந்தான். தலைமுடி கருகியிருந்தது. பேச வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

கடை அத்தானுடையது. அக்காவைக் கட்டியவர். தராசு என் பொறுப்பு. சபையில் அவருக்குக் கடைசி பெஞ்சு. போதகர் ஜெபிக்கச் சொன்னால் தொண்டையைச் செருமிவிட்டு உட்கார்ந்துவிடுவார். நான் எழுந்து ஆரம்பித்தேன் என்றால் சபையாருக்குக் கால் மரத்துப்போகும். எனக்கு விசுவாசி என்று பேர், அவருக்குக் கஞ்சன் என்று பேர். இரண்டும் நாங்கள் உழைத்துச் சம்பாதித்தவை.

"அத்தான், வேணாம்" என்றேன். "கடையோட நம்மளையும் கொளுத்திடுவாங்க. அவனைப் பின்னாலயே அனுப்பிடுங்க. அவனுக்காக நான் முழங்கால் போட்டு ஜெபம் பண்றேன்."

"அதுவும் பண்ணு. முதல்ல இந்தக் கோணியோட வாயப் பிடி."

தவிட்டுக் கோணிதான் பெரியது. பாதித் தவிட்டைத் தரையில் கொட்டினார். ஒட்டகம் முழங்காலைத் தாடையில் முட்டக் கொடுத்து உள்ளே உட்கார்ந்தான். தலைமேல் வெறும் சாக்கைப் போட்டு, சுற்றிலும் தவிட்டைத் திணித்தோம்.

"டேய், நீதான் வச்சியா?" என்று உள்ளே குனிந்து கேட்டேன்.

"அதைக் கேக்காத" என்றார் அத்தான். "தையி."

தைத்தேன். அவசரத்தில் ஊசி சாக்கில் குத்தியதைவிட என் விரலில் குத்தியதுதான் அதிகம். மூலையில் மற்ற தவிட்டு மூட்டைகளோடு அதைச் சாய்த்து நிறுத்தி, கொட்டிய தவிட்டின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்கும், கூட்டம் வாசலை அடைப்பதற்கும் சரியாக இருந்தது. தடி, கடப்பாரை. ஒருவன் கையில் மண்ணெண்ணெய் டின்.

முன்னால் பஞ்சுக்காரர். கண் இரண்டும் புகையில் சிவந்து கிடந்தன. கல்லாவுக்கு மேலே தொங்கிய குத்தூசியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். முனை கூரான இரும்புக் குழாய் அது. மூட்டையில் செருகினால் பிடி வழியாகத் தானியம் வழியும். விற்கிறவன் உள்ளங்கையை நீட்டி அதை ஏந்திக் காட்ட வேண்டும். குத்தினவன் அந்த மூட்டையை வாங்கியாக வேண்டும். சந்தையில் எவனும் மீறாத முறை.

"குத்தினா வாங்கணும், முதலாளி" என்றார் அத்தான்.

"உன் கடை மொத்தத்தையும் வாங்கறேன்யா. தள்ளு."

கோதுமையில் குத்தினார். அத்தான் கையை நீட்டி ஏந்தினார். சோளத்தில் குத்தினார். ஏந்தினார். எனக்கு வேறொரு பயம் பிடித்தது. தவிட்டுத் தூசி தொண்டைக்குள் போனால் எப்பேர்ப்பட்டவனும் இருமுவான். மூலையைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைப் பிடித்து இழுத்தேன். அது மூலைக்கே ஓடியது.

அப்போதுதான் என் வேலையின் லட்சணம் எனக்கே தெரிந்தது. மூட்டை தைத்தால் இரண்டு ஓரத்திலும் சாக்கைச் சுருட்டிக் காது மாதிரி முடிச்சுப் போட வேண்டும், கூலியாள் பிடித்துத் தூக்க. பால்குடி மறக்காத பிள்ளைக்கும் எங்கள் சந்தையில் அது தெரியும். அத்தனை மூட்டைக்கும் காது இருந்தது. ஒன்றே ஒன்று மொட்டையாக நின்றது.

பஞ்சுக்காரர் என் பார்வை போன இடத்தைப் பார்த்தார். நாற்பது வருஷ வியாபாரி. நடை நின்றது.

"இதுக்கு ஏன் காது இல்ல?"

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சபையையே அழவைக்கிற நாக்கு.

"மச்சான் தச்சது" என்றார் அத்தான். "அவனுக்கு வாய்தான் வேலை செய்யும், கை வராது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பஞ்சுக்காரர் சிரிக்கவில்லை. குத்தூசியை ஓங்கினார், மூட்டையின் மேல்பாதிக்கு நேராக. அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒட்டகத்தின் கழுத்து.

அத்தான் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். பிடிக்குக் கீழே அல்ல. முனைக்கும் சாக்குக்கும் நடுவில்.

சத்தம் பெரிதாக வரவில்லை. ஈரத்துணியைக் கிழித்தது மாதிரி ஒன்று. அத்தானின் கழுத்து நரம்பு புடைத்தது, வாய் திறக்கவில்லை. குழாயின் பிடி வழியாகத் தவிடு வரவில்லை. சிவப்பாக வேறு ஒன்று சொட்டியது.

பஞ்சுக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு பிடி கோதுமைக்காக அரை நாள் வாதாடுகிற மனிதரின் கை அது. தவிட்டுக்காக அதைக் கொடுக்கிறவர் இல்லை என்பது பஞ்சுக்காரருக்குத் தெரியாதா? மூட்டையைப் பார்த்தார். மூட்டை மூச்சு விட்டது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"என்னண்ணே, இருக்கானா?" என்று வாசலில் டின்காரன் கேட்டான்.

வாசலில் நின்றவர்களுக்குப் பஞ்சுக்காரரின் முதுகுதான் தெரிந்தது.

"தவிடுடா" என்றார் பஞ்சுக்காரர். "வெறும் தவிடு. வேற கடையப் பாருங்க."

குத்தூசியை மெதுவாக உருவித் தராசின் மேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் தவிடு ஏற்றிய வண்டியில் ஒட்டகமும் சரக்கோடு சரக்காகப் போனான். இந்தத் தடவை காது வைத்துத் தைத்தேன், இரண்டு முடிச்சுப் போட்டு. அக்கா அத்தானின் கையைக் கட்டிக்கொண்டே, "இந்த வயசுல குத்தூசியப் பிடிக்கக்கூடத் தெரியலையா?" என்று திட்டித் தீர்த்தாள். அத்தான் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.

மறுநாள் பஞ்சுக்காரரின் ஆள் வந்து, குத்தின மூட்டைகளுக்கு விலை வைத்துவிட்டுப் போனான். கோதுமை, சோளம், தவிடு. அத்தான் இடது கையால் எண்ணிப் பார்த்து, தவிட்டுக்குக் கூடுதலாக வந்திருந்ததைத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னை ஜெபிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன். கடைசி பெஞ்சில் அந்தக் கட்டுப்போட்ட கை தெரிந்தது. தொண்டையைச் செருமிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பஞ்சுக்காரர் இன்றைக்கும் சந்தையில் எங்கள் எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். எப்போது மனசு மாறுவாரோ, யாரிடம் வாய்விடுவாரோ, தெரியாது. ஆகக் கணக்கு இதுதான்: தவிடு, தீர்ந்தது. மடங்காத இரண்டு விரல், அத்தான் செலவு. பயம், என் பேரில் பாக்கி.